ஜீரோ பாருங்க

கோரிமேட்டு பங்கில் இரவு ஷிஃப்ட்.
ஏற்காடு ஏறும் வண்டிகள் பத்துக்குள் ஏறிவிடும்.
அதன்பின் இறங்குபவை மட்டும்,
காய்ந்த பிரேக் வாடையோடு,
மணிக்கு இரண்டோ மூன்றோ.

மிச்ச நேரம் எனக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கும்.
பங்கில் போன் எடுக்கக்கூடாது, அதனால் புத்தகம்.
அட்டையில் வேறொருத்தி பெயர்:
ச. கிருத்திகா, 'இ' பிரிவு.
இயற்கணிதம் பாதிவரை அடிக்கோடு போட்டிருக்கிறாள்,
அப்புறம் ஓரமெல்லாம் பூ.

திங்கட்கிழமை காலேஜில் தேர்வு.
'இதுல யாரும் ஃபெயில் இல்லம்மா'
என்றார் அட்மிஷன் கவுண்டரில், ஆறுதல் மாதிரி.
இருபது கேள்வி. பன்னிரண்டு வந்தால் நேரே வகுப்பு.
வராவிட்டால் அடிப்படைக் கணக்கு,
காலை ஏழு முதல் எட்டரை, ஒரு பருவம் முழுக்க.

என் ஷிஃப்ட் முடிவது எட்டுக்கு.

இதை முதலாளியிடமும் சொல்லவில்லை, காலேஜிலும் சொல்லவில்லை.
ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
எந்தச் சூத்திரத்திலும்
எட்டு ஏழுக்கு முன்னால் வரவில்லை.

ரூபாயைச் சொன்னால் லிட்டரைச் சொல்வேன்,
அது தண்ணிபட்ட பாடு.
அதை நம்பித்தான் உட்கார்ந்தேன்.
x வந்ததும் கை நின்றது.
சில்லறை தெரிந்தவளுக்கு இதெல்லாம் சுலபம் என்று
யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

என் வியாதி மைனஸ்.
அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் மைனஸ்
உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் தொடவேண்டும்.
என்னுடையது முதல் ஆளை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும்,
தெருமுனை வீட்டில் பத்திரிகையைக் கொடுத்து
'எல்லாருக்கும் சொல்லிடுங்க' என்று கிளம்பும்
ஒன்றுவிட்ட மாமாவைப்போல.

எதிரே மலை.
இருட்டில் மலை இல்லை, ஒரு விளக்கு இருக்கிறது.
வளைவில் தெரியும், அணையும்,
கொஞ்சம் கீழே, கொஞ்சம் இடப்பக்கம், மறுபடி தெரியும்.
வரைபடத்தாளில் யாரோ புள்ளி வைக்கிறார்கள்.
நடுவில் கோட்டை நாம்தான் போட்டுக்கொள்ளவேண்டும்.
கார் என்று போட்டுக்கொண்டேன்.
வந்து நின்றது மிளகு மூட்டை ஏற்றிய பிக்கப்.

'ஜீரோ பாருங்கண்ணா.'
பார்க்காமலே 'ம்' என்றார்.
யாரும் பார்ப்பதில்லை.

காற்றுப் பிடிக்கும் லோகு கொட்டாவியோடு வந்தான்.
'எல்லாத்துக்கும் சி-ன்னு போட்டுட்டு வாக்கா,
நாலுல ஒண்ணு தானா விழும்.'
சிரித்தேன். உடனே சிரிப்பு நின்றது.
நாலில் ஒன்று என்றால் இருபதில் ஐந்து.
ஆனால் எனக்குத்தான் சிலது தெரியுமே?
தெரியாததற்கு மட்டும்தானே நாலில் ஒன்று?
அப்படியானால் எத்தனை தெரிந்தால் பன்னிரண்டு தொடும்?

டேங்க் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம்.
தெரிந்தது x.
தெரியாதது இருபது மைனஸ் x, அதில் கால்வாசி.
இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு.
நாலால் பெருக்கினேன், அடைப்பை உடைத்தேன்,
இருபதை அந்தப் பக்கம் அனுப்பினேன்.

3x = 28.
ஒன்பது, கூடவே மூன்றில் ஒன்று.

மைனஸ் எங்கே தொலைந்தது என்று இரண்டு முறை தேடினேன்.
இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.
இருபது போகும்போதே குறியை மாற்றிக்கொண்டு போயிருந்தது,
நான் சொல்லாமலே.

ஒன்பது கேள்வி தெரிந்திருப்பது புரிகிறது.
மூன்றில் ஒரு கேள்வி தெரிந்திருப்பது எப்படி?
'அப்ப பத்துன்னு வச்சுக்கக்கா' என்றான் லோகு.

மணி நாலே முக்கால்.
பத்தில் ஏழு என்னிடம் இருக்கிறது,
ஞாயிற்றுக்கிழமை முழுசாக இருக்கிறது.
மேனேஜர் வருவதற்குள் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கவேண்டும்.

மேலே இன்னொரு விளக்கு அணைகிறது.
அடுத்து இங்கேதான் என்று
இருட்டில் ஒரு இடத்தில் விரலை வைக்கிறேன்.

கொஞ்சம் தள்ளித் தெரிகிறது.